அவர்களுக்கென்று ஒரு புவனம்

சிவபெருமான் உயிர்களைப் படைக்கவில்லை. சைவ சித்தாந்தம் பழகாதவர்களை இது திடுக்கிட வைக்கும். பழகியவர்களுக்குப் பால பாடம். இறைவன், உயிர், தளை மூன்றுமே தோற்றமில்லாதவை என்கிறது அந்த நெறி. உயிர்கள் ஆணவ இருளில் அநாதியாகக் கிடக்கின்றன. அவற்றின்மேல் இரக்கப்பட்டு இறைவன் மாயையிலிருந்து உடலையும், மனம் முதலான கருவிகளையும், இருக்க இடத்தையும், நுகர இன்ப துன்பங்களையும் ஆக்கிக் கொடுக்கிறான். தனு, கரணம், புவனம், போகம் என்று நான்காகச் சொல்வார்கள். உயிர் இருக்கிறது என்பதற்காகத்தான் உலகம் உண்டாக்கப்பட்டது.

இதை எனக்குப் பத்து வயதில் சொல்லிக்கொடுத்தவர் என் தாய்மாமா. சேரன்மகாதேவியில் தமிழாசிரியராக இருந்தவர். ஆதீனத்துச் சித்தாந்த வகுப்புக்கு விடாமல் போய்வந்தவர். அந்தப் பாடம் எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது நாற்பதை நெருங்கியபோது. ஒருவரை ஒருவர் காதலிக்கிற இரண்டு ஆண்களை நாயகர்களாக வைத்து ஒரு மாயாஜால நாவல் எழுத உட்கார்ந்திருந்தேன். எழுத்தாளனாக வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்ததே இல்லை. வாசிக்க வேண்டும் என்று ஏங்கிய ஒரு கதை தமிழில் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அம்புலிமாமா பழைய இதழ்களைத் தைத்து பைண்டு செய்து வைத்திருந்தார்கள். அதிலும் பாட்டி சொன்ன கதைகளிலும் ராஜகுமாரனும் மந்திரிகுமாரனும் சேர்ந்தேதான் கிளம்புவார்கள். ஒரே மரத்தடியில் படுப்பார்கள். ஒருவன் தூங்க ஒருவன் விழித்திருப்பான். ஒருவன் கல்லாகச் சமைந்தால் மற்றவன் தன் உயிரைக் கொடுத்தாவது மீட்கப் பார்ப்பான். பாதிக் கதையில் ஒரு ராஜகுமாரி வருவாள். அதோடு மந்திரிகுமாரன் எடுபிடியாகிவிடுவான். கடைசிப் பக்கத்தில் ராஜகுமாரனுக்குக் கல்யாணம். மந்திரிகுமாரனுக்கும் போகிறபோக்கில் ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்துவிடுவார்கள். ராஜகுமாரியின்மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அந்த மரத்தடி இரவு முடியாமல் அப்படியே நீண்டுகொண்டு போகக் கூடாதா என்றுதான் இருக்கும். எனக்கு ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்க அப்போது ஆள் இல்லை.

கல்லூரி நாட்களில் சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அமெரிக்க எழுத்தாளர் மெர்சிடிஸ் லாக்கியின் நாவல் கிடைத்தது. ‘மேஜிக்ஸ் பான்’, 1989இல் வந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். வான்யெல் என்ற பையன், மந்திரசக்தி உள்ளவன், டைலெண்டெல் என்ற இன்னொரு பையனைக் காதலிக்கிறான். வேறு வேடமோ மறைபொருளோ இல்லை, காதலேதான். இதை எழுதி, அச்சிட்டு, விலைபோட்டு விற்றிருக்கிறார்கள் என்பதை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அந்த நாவல் வரிசையின் முதல் புத்தகமான இதிலேயே டைலெண்டெல் இறந்துபோகிறான். மூன்றாம் புத்தகத்தில் ஸ்டெஃபன் என்ற பாடகன் வருகிறான். டைலெண்டெலின் உயிர்தான் அவனாக மறுபிறவி எடுத்திருக்கிறது. அமெரிக்க வாசகருக்கு அது எப்படியோ, எனக்கு அது வீட்டுத் திண்ணையில் கேட்ட சேதி. முடிவில் வான்யெலும் உயிரைக் கொடுக்கிறான். பிறகு இருவரும் ஆவிகளாக ஒரு காட்டைக் காத்து நிற்கிறார்கள்.

அந்த நூலுக்கு நான் பட்ட கடன் தீராது. ஆனாலும் ஒன்று நெஞ்சில் தைத்தது. சேர்ந்திருக்க வேண்டுமென்றால் முதலில் சாக வேண்டியிருக்கிறது.

இ. எம். ஃபார்ஸ்டர் இதை முன்பே எதிர்கொண்டவர். ‘மோரிஸ்’ நாவலை அவர் 1913, 14இல் எழுதினார். மோரிஸும் அலெக்கும் கடைசியில் சேர்ந்து வாழப் போகிறார்கள். மகிழ்ச்சியான முடிவு கட்டாயம் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். யாராவது ஒருவன் தூக்கில் தொங்குவதாக முடித்திருந்தால் வெளியிடுவதில் தொல்லையே இருந்திருக்காது என்று பின்னாளில் எழுதிய குறிப்பில் சொல்கிறார். தன் வாழ்நாளில் அதை வெளியிடவில்லை. 1970இல் அவர் இறந்தார். 1971இல் நாவல் வந்தது. அதை மாயாஜாலக் கதை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்த இருவரும் போய் மறைகிற பசுங்காடு இங்கிலாந்தின் எந்த வரைபடத்திலும் இல்லை. இருக்கிற நாட்டில் அவர்களுக்கு இடம் கிடைக்காதபோது இல்லாத ஒரு காட்டை உண்டாக்கிக் கொடுத்தார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

நம்மிடம் இல்லாததா என்று கேட்பார்கள். நிறையவே இருக்கிறது. ஆனால் ஓர் ஆண் இன்னோர் ஆணின் அழகில் உருக வேண்டுமானால் நம் மரபில் அவன் முதலில் பெண்ணாக வேண்டியிருக்கிறது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிறார், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகிறார். அரியும் அரனும் சேர மோகினி உருவம் தேவைப்படுகிறது. இராமனின் தோளைப் பார்த்தால் ஆண்களும் பெண்மைக்கு ஏங்குவார்கள் என்று விசுவாமித்திரர் வாயால் சொல்லவைக்கிறார் கம்பர். எல்லாம் எனக்கு உயிரானவை. ஆனாலும் நான் பெண்ணாக விரும்பியவன் இல்லை. ஆணாகவே இருந்து ஆணை விரும்பியவன். கூவாகம் கூத்தாண்டவரின் கதை திருநங்கையருக்குச் சொந்தமானது. அவர்கள் கண்ணீர்விட்டுக் காப்பாற்றிவரும் அதை நான் இரவல் வாங்கக் கூடாது.

எனக்குக் கிடைத்தது பெரிய புராணத்தின் கடைசிச் சருக்கம், வெள்ளானைச் சருக்கம். அதற்கு ஒரு முன்கதை உண்டு. சேர அரசர் சேரமான் பெருமாளுக்கு எல்லா உயிர்களும் பேசுவது புரியும். அன்றாடம் பூசை முடிவில் சிவனின் சிலம்பொலி அவர் காதில் விழும். ஒருநாள் ஒலி வரத் தாமதமானதும் உயிரை விடவே வாளை உருவிவிட்டார். தில்லையில் சுந்தரர் பாடக் கேட்டு நின்றதால்தான் தாமதம் என்று இறைவனே சொல்ல, அந்தச் சுந்தரர் யார் என்று தேடிப் புறப்பட்டார். அங்கே தொடங்கிய நட்பு. பின்னால் திருவஞ்சைக்களத்தில் சுந்தரரை வெள்ளை யானை கயிலைக்கு ஏற்றிக்கொண்டு போனபோது, விட்டுவிட்டு இருக்க முடியாத சேரமான் குதிரைமேல் ஏறி அதன் காதில் ஐந்தெழுத்தை ஓதினார். குதிரை வானில் பாய்ந்து யானையை வலம்வந்து முன்னே போயிற்று. கயிலை வாசலில் சுந்தரர் உள்ளே போய்விட்டார். சேரமானைத் தடுத்துவிட்டார்கள், அவரை யாரும் அழைக்கவில்லை. சுந்தரர் போய் விண்ணப்பித்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டெடுத்த சோழர் ஓவியங்களில் இந்தப் பயணமும் உண்டு. யானையில் ஒருவர், குதிரையில் ஒருவர். நூலகத்தில் அதன் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சுந்தரருக்குப் பரவை, சங்கிலி என்று மனைவியர் உண்டு. சுந்தரரையும் சேரமானையும் என் இனம் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. நாயன்மார்களை வழக்குமன்றத்துச் சாட்சிகளாக்குவது எனக்குப் பிடிக்காது. ஆனால் இரண்டு ஆண்கள் ஆண்களாகவே, ஒருவரை ஒருவர் பிரிய மாட்டாமல் வானத்தில் போகிற ஒரு சித்திரம் என் மொழியில் இருக்கிறது. அதுவும் பறக்கும் குதிரையோடு. அது எனக்குப் போதுமான விதையாக இருந்தது.

தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியிருந்தது; அதை 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் திரும்பவும் நிலைநிறுத்தியது. அடுத்த வாரம் மார்கழி பிறந்தது. விடிகாலையில் கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்க, நான் முதல் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். 2018 செப்டம்பர் 6இல் அதே நீதிமன்றம் வேறு தீர்ப்புச் சொன்னபோது நாவலில் பெரும்பகுதி முடிந்திருந்தது.

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். கன்னடியன் கால்வாயில் மதகு திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. ராத்திரி தண்ணீர் முறை மாறும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார். திருகுச் சக்கரத்தில் கிரீஸ் வாடை அடிக்கும். டார்ச்சை அணைத்துவிட்டு, ஷட்டர் கம்பியில் காதை ஒட்டவைத்துக் கேட்பார். எவ்வளவு தண்ணீர் போகிறது, சருகு அடைத்திருக்கிறதா, மேலே மழையா என்று கேட்டே சொல்லிவிடுவார். என் நாவலின் நாயகன் ஒரு மதகுக்காரன். நீர் பேசுவது அவனுக்குப் புரியும். மற்றவன் மலையிலிருந்து குதிரையோடு வருகிறவன். காதில் ஓதினால் பறக்கிற குதிரை. எங்கிருந்து வந்தார்கள் என்பதை மறைக்க வேண்டிய தேவை எனக்கில்லை.

ஆனால் இவர்களை நான் படைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த மரத்தடி இரவிலிருந்தே அவர்கள் இருந்தார்கள். உடம்பு இல்லாமல், இடமில்லாமல், பேச ஒரு சொல்லில்லாமல் இருந்தார்கள். நான் செய்தது தனு கரண புவன போகம் கொடுத்தது மட்டும்தான். டோல்கீன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மாயக் கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். படைத்தவனின் சாயலில் நாம் படைக்கப்பட்டதால் நாமும் அவனுக்குக் கீழ்ப்பட்டுப் படைக்கிறோம் என்பது அவர் வாதம். கத்தோலிக்கரான அவருக்கு, கடவுள் உயிரையும் சேர்த்தே படைத்தவர். எனக்கு அந்த வழி பொருந்தவில்லை. உயிர் முன்பே இருக்கிறது, அதற்கு ஏற்ற உலகம்தான் பாக்கி என்கிற நம் நெறியில், எழுதுகிறவனின் கடமை இன்னும் கடுமையாகிறது. எந்த உயிருக்கு உலகம் செய்கிறோமோ அந்த உயிருக்கு அது பொருந்த வேண்டும்.

அப்போது வந்த கேள்வி இது. நாவலில் நான் உண்டாக்கும் என் நாட்டில் இவர்களை வெறுப்பவர்கள் இருக்க வேண்டுமா?

இல்லை என்று முடிவு செய்தேன். அங்கே ஓர் ஆண் ஆணோடு சேர்வது யார் கண்ணுக்கும் புதிதில்லை. என் நண்பர் ஒருவர் இளைஞர்களுக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்பவர். வீட்டில் அடிவாங்கிவிட்டு நடு இரவில் அழைக்கும் பிள்ளைகளின் குரலைக் கேட்டுக் கேட்டு நொந்தவர். கைப்பிரதியைப் படித்துவிட்டு, “அண்ணே, இது அந்தப் பசங்களுக்குப் பொய் சொல்ற மாதிரி இருக்கு” என்றார். அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வலியைப் பதிவு செய்ய வேண்டியது இலக்கியத்தின் வேலை என்பதில் ஐயமில்லை. அதைச் செய்கிறவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் என் நாட்டில் துன்பம் இல்லாமல் இல்லை. வறட்சி இருக்கிறது, பாம்பு கடிக்கிறது, துரோகம் இருக்கிறது, அணையைக் குடிக்கவரும் அரக்கன் இருக்கிறான். மதகுக்காரனின் ஆணவத்தால் ஒரு கிராமமே வெள்ளத்தில் போகிறது. அதற்கு அவன் ஆயுள் முழுக்கப் பரிகாரம் தேட வேண்டியிருக்கிறது. அவையெல்லாம் அவன் வினை. யாரை விரும்பினான் என்பதற்காக ஊர் கொடுக்கும் அடி அவன் வினை இல்லை. அந்த ஒரு துன்பத்தை மட்டும் எடுத்துவிட்டால் அவன் எப்படிப்பட்ட மனிதனாக இருப்பான், எதற்காக அழுவான், எதில் தவறுவான் என்று பார்க்க எனக்கு ஆசை. இங்கே பலருக்கு அந்த அடியைத் தாங்குவதிலேயே ஆயுள் போய்விடுகிறது. மற்ற எதற்கும் அழ அவர்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை.

முன்ஜென்மப் பாவம் என்று என் காதுபடச் சொன்னவர்கள் உண்டு. இதை மாமாவிடம் ஒருநாள் கேட்டேன். அவர் நிதானமாக, “எல்லா உடம்பும் வினையால வந்ததுதாம்டே. ராசா உடம்பும் வினைதான், பூசை வைக்கிற குருக்கள் உடம்பும் வினைதான். உன் உடம்பை மட்டும் தனியா எடுத்துவச்சுப் பாவம்னு சொல்ல சித்தாந்தத்துல இடமில்ல” என்றார். அதோடு, ஆன்மாவுக்கு ஆண் பெண் கிடையாது என்றும் சொன்னார். முதலில் சொன்னது எனக்கு மருந்து. இரண்டாவது உண்மைதான், ஆனாலும் நான் அதில் ஒதுங்க விரும்பவில்லை. ஓர் ஆணும் பெண்ணும் மணவறையில் உட்கார்ந்திருக்கும்போது ஆன்மாவுக்குப் பால் இல்லை என்று யாரும் போய்ச் சொல்வதில்லை. அங்கே உடம்புக்கு மாலை போடுகிறார்கள், மஞ்சள் பூசுகிறார்கள். எங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் ஏன் உடம்பைத் தாண்டிவிட வேண்டும்? தனு என்பதும் இறைவன் தந்த கொடைதானே.

எழுதக் கடினமாக இருந்தது அரக்கன் வரும் இடமில்லை. அதெல்லாம் சரசரவென்று வந்துவிட்டது. மலைக்காரன் முதல்முறையாக மதகுக்காரனின் வீட்டுக்குச் சாப்பிட வருகிற இடம்தான். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குச் சொதி வைப்பார்கள். தேங்காயைத் துருவி, மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, பாசிப்பருப்பைச் சேர்த்து, இஞ்சிச் சாறு விட்டு, முதல் பாலை ஊற்றியதும் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். நாவலில் அந்த அம்மா காலையிலேயே தேங்காய் துருவ உட்கார்கிறாள். மகன் பார்க்கிறான். “இன்னைக்கு என்னம்மா விசேஷம்?” என்று கேட்கிறான். அவள் பதில் சொல்லவில்லை. மத்தியானம் இரண்டு இலையைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, வந்தவனுக்கு முதலில் சொதியை ஊற்றி, “இஞ்சித் துவையலைத் தொட்டுக்கிடுங்க, இல்லாட்டி தேங்காய்ப்பால் மந்திச்சிரும்” என்கிறாள். மாப்பிள்ளைக்குச் சொல்வதுபோல மரியாதையாக. அவ்வளவுதான் காட்சி. இதை எழுதக் கை ஓடவில்லை. அந்த அம்மா அதற்கு முன்னால் அழ வேண்டும், சண்டை போட வேண்டும், பிறகு மனம் மாற வேண்டும் என்றே பேனா இழுத்தது. படித்த எல்லாக் கதைகளும் அப்படித்தான் பழக்கியிருந்தன. அவள் தேங்காய் துருவினால் போதும் என்பதை நான் காத்திருந்துதான் அடைந்தேன்.

மாமா ஸ்பைரல் போட்ட பிரதியை முழுக்கப் படித்தார். பென்சிலால் ஒற்றுப்பிழைகளையும் திருத்தியிருந்தார். “வெறுப்பை நீ அழிக்கலடே, மறைச்சிருக்கே” என்றார்.

அது எவ்வளவு கனமான சொல் என்று சித்தாந்தம் படித்தவர்களுக்குத் தெரியும். ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று. உண்மை விளக்கம் அதை நடராசர் திருமேனியில் காட்டும். உடுக்கையில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, தீயில் அழிப்பு, ஊன்றிய பாதத்தில் மறைப்பு, தூக்கிய திருவடியில் அருள். இறைவன் தன்னை மறைத்துக்கொள்வதும் அருளின் வேலைதான். உயிர் உலகத்தில் ஈடுபட்டுப் பக்குவப்படுவதற்காக மறைக்கிறான். மாமா சொல்ல வந்தது இது. புத்தகத்தைத் திறக்கிறவன் வெளியிலிருந்து வெறுப்பைத் தன்னோடு கொண்டுவருகிறான். பக்கத்துக்குப் பக்கம் அடி விழும் என்று எதிர்பார்க்கிறான். எதுவும் விழுவதில்லை. நாவல் வந்த பிறகு ஓர் இளைஞர் எனக்கு எழுதியிருந்தார். சொதிக் காட்சியில் அந்த அம்மா விஷம் வைத்திருப்பாளோ என்று பயந்து, இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிவந்து படித்தாராம். அந்தக் கடிதத்தை நண்பருக்குக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, இதுபோன்ற கதை வேண்டாம் என்று தான் சொல்லவில்லை என்றும், அதற்கு முன்னுரையாவது வேண்டும் என்றும் சொன்னார். முன்னுரை எழுத எனக்கு இன்னும் மனமில்லை.

இப்போது இரண்டாம் பாகம் எழுதுகிறேன். அதில் இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. மதகுக்காரனுக்குக் காது மந்தமாகிவருகிறது. நீர் சொல்வதை மற்றவன் அவன் கையில் தட்டித்தான் தெரிவிக்கிறான். போன வாரம் மாமா கேட்டார்: “பிள்ளை குட்டி இல்ல. கொள்ளி யாருடே வைப்பா?”

இது என் நாட்டின் சட்டத்தைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. தென்புலத்தாருக்குச் செய்வது இல்லறத்தானின் முதற்கடன் என்று வள்ளுவர் காலத்திலிருந்து வருகிறது. மகன் இல்லாதவனுக்குக் கதி இல்லை என்ற அச்சம் எத்தனையோ பேரை விருப்பமில்லாத கல்யாணத்தில் தள்ளியிருக்கிறது. அந்தக் கல்யாணத்தில் சிக்கிய பெண்களின் வாழ்வையும் சேர்த்தே அது விழுங்கியிருக்கிறது. நான் எழுதிவைத்திருப்பது இப்படி. அந்த மதகின் தண்ணீரில் விளைந்த ஆயக்கட்டு ஊர்கள் அத்தனைக்கும் மதகுக்காரன் தகப்பன் முறை. அவன் இறந்தால் கடைமடை வரைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் எள்ளும் நீரும் விடுவார்கள். அவன் துணைவனுக்கும் அப்படியே.

மாமாவுக்கு இது போதவில்லை. சாத்திரத்தில் ஆதாரம் வேண்டும் என்று தேடினார். தர்ப்பணத்தின் முடிவில், தாயும் தகப்பனும் உறவும் என்று யாருமில்லாமல் போனவர்களுக்காக ஒரு கை நீர் விடுவது உண்டு, அதை வைத்துக்கொள் என்று நேற்று ஃபோன் செய்தார்.

“அவங்களுக்கு ஆள் உண்டு மாமா. யாருமில்லாதவங்க கணக்குல அவங்களை எழுத மாட்டேன்” என்றேன்.

“அப்ப வேற எடம் பாக்குதேன்” என்று ஃபோனை வைத்தார்.